பீட்டில் இன்ஜினுக்கு எந்த பிரீதர்?

பீட்டில் காரின் இன்ஜின் மூடியைத் திறந்து, இன்ஜின் நின்று ஆறிய பிறகு, கிராங்க் புல்லிக்கும் கிராங்க்கேஸுக்கும் (கிராங்க் சுழலும் இன்ஜின் கூட்டுக்கும்) நடுவே உள்ள இடுக்கில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். விரல் உலர்ந்து வந்தால் அந்த இன்ஜின் ஒழுங்காக மூச்சு விடுகிறது என்று பொருள். கறுப்பு ஆயில் ஒட்டிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் உள்ளே அழுத்தம் தேங்கியிருக்கிறது. மற்றக் கார்களில் அந்த இடத்தில் ஒரு ரப்பர் ஆயில் சீல் இருக்கும். பீட்டிலில் உள்ள ஃபோக்ஸ்வேகனின் டைப் 1 இன்ஜினில் சீல் எதுவும் வைக்கப்படவில்லை. புல்லியின் கழுத்தைச் சுற்றித் திருகின் மரை போல ஒரு சுருள் பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். அதற்கு உட்புறமாக ஆயிலை வீசி எறியும் ஒரு வட்டத் தகடு இருக்கும். கிராங்க் சுழலும்போது, வெளியே வரப் பார்க்கும் ஆயிலை அந்தப் பள்ளம் உள்ளுக்கே திருப்பித் தள்ளிவிடும். கிராங்க்கேஸின் உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாண்டாத வரைதான் இந்த எளிய ஏற்பாடு செல்லுபடியாகும். ஆகவே பீட்டிலில், கிராங்க்கேஸில் சேரும் வாயுவை வெளியே விடும் மூச்சுவழியான பிரீதர் என்பது கார் ரோட்டில் ஆயில் சொட்டுமா சொட்டாதா என்பதையே முடிவு செய்கிற உறுப்பு.

அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு புதியவையாக இருந்தாலும், சிலிண்டரில் எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு அவற்றைத் தாண்டிக் கிராங்க்கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் இதைத்தான் 'பேக் கம்ப்ரஷன்' என்கிறார்கள். 1,584 சிசி இன்ஜின் 4,000 ஆர்பிஎம்மில் த்ராட்டில் முழுவதும் திறந்து ஓடும்போது, கணக்குப்படி நிமிடத்துக்குச் சுமார் 3,170 லிட்டர் கலவையை உள்ளிழுக்கிறது. அதில் நூற்றில் ஒரு பங்கு ரிங்குகளைத் தாண்டினாலும், நிமிடத்துக்கு 30 லிட்டருக்கு மேல் வாயு கிராங்க்கேஸுக்குள் வந்து சேர்கிறது. இதையே பலரும் விரும்பும் 2,276 சிசி அளவுக்குப் பெரிதாக்கி 6,000 ஆர்பிஎம்மில் ஓட்டினால், அதே நூற்றில் ஒரு பங்கு 68 லிட்டராகிவிடும். இன்ஜினை இரண்டு மடங்கு பலமாக்கியவர் பிரீதர் குழாயை மட்டும் பழைய அளவிலேயே விட்டுவிடும்போது ஆயில் வேறு வழி தேடிக்கொள்வதில் வியப்பில்லை.

அழுத்தம் மட்டுமே பிரச்சினை அன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. ரிங்குகளைத் தாண்டி இறங்கும் வாயுவோடு அந்த ஆவியும் இறங்குகிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறும் வரை ஓடினால் அது பிரீதர் வழியே வெளியேறிவிடும். கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் அது உள்ளேயே குளிர்ந்து ஆயிலோடு கலந்து, ஆயில் ஊற்றும் குழாயின் மூடியை எடுத்தால் உட்புறத்தில் வெண்ணெய் பூசியது போன்ற இளம்பழுப்புக் களிம்பாகத் தெரியும். தண்ணீரால் குளிரும் காரில் இந்தக் களிம்பைக் கண்டால் ஹெட் கேஸ்கட் போய்விட்டதோ என்று நெஞ்சு பதறும். காற்றால் குளிரும் இன்ஜினில் ரேடியேட்டர் தண்ணீர் என்பதே இல்லாததால், அது குளிர்ந்து படிந்த ஆவியே தவிர வேறில்லை. ஆயில் ஃபில்லர் குழாய் இன்ஜினின் உச்சியில், மற்ற எல்லாவற்றையும்விடக் குளிர்ந்த இடத்தில் நிற்பதால் களிம்பு அங்கேதான் முதலில் சேரும். அதைத் துடைத்துவிட்டு, வாரம் ஒருமுறையாவது காரை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வெளியூர்ச் சாலையில் ஓட்டுவதுதான் முதல் மருந்து. இன்றும் பீட்டில்கள் ஓடிக்கொண்டிருக்கும் இலங்கை போன்ற ஈரக்காற்று நாடுகளில் இது குறிப்பாகப் பொருந்தும்.

எந்த பிரீதர் நல்லது என்று கேட்பவர், இன்ஜினின் பிஸ்டன்கள் எப்படி அசைகின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். பீட்டிலின் நான்கு சிலிண்டர் பாக்ஸர் இன்ஜினில் எதிரெதிரே உள்ள 1, 3 ஆகிய இரு பிஸ்டன்களும் வெளியே போகும்போது, 2, 4 ஆகிய இரண்டும் உள்ளே வருகின்றன. அதனால் கிராங்க்கேஸின் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. உள்ளிருக்கும் வாயு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கும் அங்கிருந்து திரும்பவும் அலைந்து ஆயிலைக் கடைந்து மூடுபனி போலாக்குகிறதே தவிர, வெளியே தள்ளப்படுவது ரிங்குகளைத் தாண்டி வரும் கசிவு மட்டுமே. காற்றால் குளிரும் இன்னொரு பழைய காரான சிட்ரோன் 2சிவியின் கதை முற்றிலும் வேறு. அதன் 602 சிசி இன்ஜினில் இரண்டே பிஸ்டன்கள். இரண்டும் ஒன்றாக வெளியே போய் ஒன்றாக உள்ளே வருகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் கிராங்க்கேஸின் கொள்ளளவு 602 சிசி சுருங்கி விரிகிறது. இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறி இறங்கும் பழைய ஃபியட் 500-ன் 499 சிசி இன்ஜினுக்கும் இதே நிலைதான்.

ஆகவே 2சிவியில் தேர்வு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கம்பெனி வைத்ததை அப்படியே காப்பாற்றுவதுதான் ஒரே வழி. அதன் ஆயில் ஃபில்லர் கழுத்துக்குள் ஒருவழி வால்வு இருக்கிறது. பிஸ்டன்கள் உள்ளே வரும்போது வாயுவை வெளியே விட்டு, அவை வெளியே போகும்போது மூடிக்கொண்டு, கிராங்க்கேஸை எப்போதும் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில் வைத்திருப்பது அதன் வேலை. அந்த ரப்பர் விறைத்துப்போனால் இன்ஜின் கண்ட இடத்திலெல்லாம் ஆயில் கசியும். அப்போது கேஸ்கட்டுகளையும் சீல்களையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் செலவழிப்பவர்கள் கடைசியில்தான் வால்வுக்கு வருவார்கள். முதலில் வந்திருந்தால் மற்றச் செலவு மிஞ்சியிருக்கும். பீட்டிலுக்குப் பொருந்திய ஒரு திறந்த ஃபில்டரைப் பார்த்துவிட்டு அதையே 2சிவியில் வைப்பது அந்த இன்ஜினின் அடிப்படையையே கெடுப்பதாகும். இனிச் சொல்லப்போகும் ஒப்பீடு நான்கு சிலிண்டர் டைப் 1 இன்ஜினுக்கானது.

வழிகளை எடைபோடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். என்னைப் பொறுத்தவரை அது இதுதான்: காற்றால் குளிரும் இன்ஜினில் இன்ஜின் அறையின் காற்றுதான் ரேடியேட்டர் தண்ணீர். விசிறி அந்த அறையிலிருந்து காற்றை உறிஞ்சி, ஆயில் கூலரின் மீதும் சிலிண்டர், ஹெட் ஆகியவற்றின் ஃபின்களின் (சூட்டை வெளிவிடும் தகட்டு விளிம்புகளின்) மீதும் அடிக்கிறது. பிரீதர் புகையை அந்த அறைக்குள் விட்டால், அதிலுள்ள ஆயில் ஃபின்களில் மெல்லிய பிசினாகப் படியும். அதன் மேல் சாலைத் தூசி ஒட்டும். நாளடைவில் ஃபின்களின் இடுக்குகள் அடைபட்டு, கம்பளி போர்த்தியது போல ஹெட் சூடேறும். இன்னொன்று இதைவிட முக்கியமானது. விசிறிக் காற்றில் ஒரு பகுதிதான் ஹீட்டர் பெட்டிகளின் வழியே சூடாகிக் காருக்குள் வருகிறது. பிரீதர் புகையை இன்ஜின் அறையில் விடுபவர், ஹீட்டரைத் திறந்தவுடன் அதைத் தன் பிள்ளைகளின் மூக்குக்கே அனுப்புகிறார். எந்த அமைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், குளிர்விக்கும் காற்றை அது அழுக்காக்கினால் நான் அதை ஏற்பதில்லை.

பழைய வழி, ஆயில் ஃபில்லரிலிருந்து ஒரு குழாயை இன்ஜினுக்குக் கீழே இறக்கிச் சாலைக் காற்றில் விட்டுவிடுவது. கார் ஓடும்போது அடியில் விரையும் காற்று குழாயின் வாயில் சிறிது இழுவையை உண்டாக்கும். கார் நிற்கும்போது இழுவை எதுவும் இராது. தன் அழுத்தத்தாலேயே வாயு வெளியேற வேண்டும். எளிமையானது, கெட்டுப்போக ஒன்றுமில்லாதது, விசிறிக் காற்றையும் தொடாதது. ஆனால் ஆயில் சொட்டும், நாறும், எரியாத பெட்ரோல் ஆவியைத் தெருவில் கொட்டும். லாஸ் ஏஞ்சலிஸின் புகைமூட்டத்தோடு போராடிய கலிஃபோர்னியா மாநிலம் 1961-ல், கிராங்க்கேஸ் புகையைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் அமைப்பைக் கட்டாயமாக்கும் முடிவை எடுத்தது. அமெரிக்காவில் கார்களுக்கு வந்த முதல் மாசுக் கட்டுப்பாட்டு ஏற்பாடு அதுவே. தொடக்க காலக் காரை அது வெளிவந்த நிலையிலேயே காட்சிக்கு வைத்திருப்பவரைத் தவிர வேறு யாருக்கும் கீழிறங்கும் திறந்த குழாயை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அடுத்து வந்த கம்பெனி ஏற்பாடு, ஆயில் ஃபில்லரின் பக்கவாட்டிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸை ஏர் கிளீனருக்குக் கொண்டுபோனது. கீழிறங்கும் குழாயையும் பல மாடல்களில் விட்டுவைத்து, அதன் முனையில் ஒரு சிறு ரப்பர் வால்வை மாட்டினார்கள். சேர்ந்த தண்ணீரை அது சொட்டவிடும். வெளித்தூசியை உள்ளே விடாது. இந்த ஏற்பாட்டின் அருமையை அதை ஆராய்ந்து பார்த்த பிறகே உணர்ந்தேன். ஏர் கிளீனருக்குள் காற்று எவ்வளவு வேகமாகப் பாய்கிறதோ அவ்வளவுக்கு இழுவை கூடும். ரிங்குகளைத் தாண்டும் கசிவும் த்ராட்டில் திறக்கத் திறக்கத்தான் கூடும். தேவை அதிகமாகும் அதே நேரத்தில் இழுவையும் தானாக அதிகமாகிறது. நடுவில் ஸ்பிரிங்கோ வால்வோ தேவையில்லை. கார்புரேட்டர் அளந்து விடும் காற்றிலேயே இந்த வாயுவும் சேர்ந்து போவதால் ஐட்லிங் கெடுவதும் குறைவு. கம்பெனியின் ஆயில் நிரப்பிய ஏர் கிளீனர், வாயுவோடு வரும் ஆயில் துளிகளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அது ஏற்கெனவே ஆயிலில் ஊறித்தானே வேலை செய்கிறது.

1,200 முதல் 1,600 சிசி வரை கம்பெனி நிலையில் ஓடும் எந்த பீட்டிலுக்கும் இதுவே போதும், இதுவே சிறந்ததும்கூட என்பது என் முடிவு. இது சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லப்படும் கார்களில் பெரும்பாலும் அமைப்பின்மேல் குறை இருப்பதில்லை. ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கும். கீழ்முனை ரப்பர் வால்வு எப்போதோ விழுந்து காணாமல் போயிருக்கும். அளவுகம்பியின் மேல்கோட்டையும் தாண்டி ஆயில் ஊற்றப்பட்டிருக்கும். இந்த இன்ஜின் இரண்டரை லிட்டர் மட்டுமே கொள்ளும். 'கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்' என்று மூன்று லிட்டர் ஊற்றினால், கிராங்க் அதைக் கடைந்து ஃபில்லர் வழியே ஏர் கிளீனருக்கு அனுப்பிவிடும்.

எனக்கு நேர்ந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். என் 1,300 சிசி இன்ஜினை ஓர் ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பூட்டிய பிறகு, அதுவரை இல்லாத வகையில் ஏர் கிளீனருக்குள் ஆயில் வழியத் தொடங்கியது. ரிங்குகள் புதியவை, கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் சரியாக இருந்தது. பெரிய பிரீதர் பெட்டி வாங்கி வைத்துவிடுங்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஜெனரேட்டர் ஸ்டாண்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. ஸ்டாண்டுக்கும் கிராங்க்கேஸுக்கும் நடுவே, கீழிருந்து தெறிக்கும் ஆயிலைத் தடுக்கும் ஒரு மெல்லிய தகடு இரண்டு கேஸ்கட்டுகளுக்கு இடையில் இருக்க வேண்டும். பூட்டும்போது அதை விட்டுவிட்டு ஒற்றைக் கேஸ்கட்டோடு முறுக்கியிருந்தார்கள். கையகலத் தகடு அது. அதை மறுபடி வைத்ததும் ஏர் கிளீனர் உலர்ந்துவிட்டது. இன்ஜினைத் திறந்து பூட்டிய எவரும் புதிய பாகம் வாங்குவதற்கு முன் அந்த ஸ்டாண்டின் நான்கு நட்டுகளையும் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது பிரீதர் பெட்டி. அலுமினியத்திலோ தகரத்திலோ செய்த ஒரு சிறு பெட்டியை இன்ஜின் அறையின் சுவரில் பொருத்தி, ஆயில் ஃபில்லரிலிருந்து ஒரு ஹோஸும், இரண்டு டேப்பட் கவர்களிலிருந்து (ஹெட்டில் வால்வு அமைப்பை மூடும் கவர்களிலிருந்து) ஒவ்வொரு ஹோஸும் அதற்குள் கொண்டுவந்து, மேலே ஒரு சிறு ஃபில்டரை மாட்டிவிடுவார்கள். இரட்டை கார்புரேட்டருக்கு மாறியவர்களிடம் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். கம்பெனி ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டால் பழைய ஹோஸை மாட்ட இடமே இராது. விற்பனையாளர்கள் எல்லா இணைப்புகளோடும் பெட்டியைத் தயாராகத் தருகிறார்கள். பார்ப்பதற்கும் பந்தயக் கார் போலிருக்கும். பெட்டி என்ற கருத்தில் தவறில்லை. குறுகிய ஹோஸில் வேகமாக வரும் வாயு அகன்ற பெட்டிக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்து, சுமந்து வந்த ஆயில் துளிகளை உதிர்த்துவிடும். உள்ளே தடுப்புத் தகடுகள் இருந்தால் இன்னும் நன்று. ஹோஸின் உள்விட்டத்தை இரு மடங்காக்கினால் வாயுவின் வேகம் நான்கில் ஒன்றாகிவிடும் என்பதால், ஆயிலைப் பிரிக்கும் வேலையில் பாதியைப் பெரிய ஹோஸே முடித்துவிடும்.

தவறு மேலே உள்ள ஃபில்டரில் இருக்கிறது. அது இன்ஜின் அறைக்குள் திறந்திருக்கிறது; அங்கிருந்து ஓரடி தூரத்தில் விசிறி உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு அப்படியொரு ஃபில்டரைத் தொட்டுப் பார்த்தால் விரல் நனையும். மழையில் நனைந்த தொப்பி போல அது ஊறிக் கிடக்கும். அதைச் சுற்றியுள்ள சுவரில் மஞ்சள் படலம் தெரியும். அந்தப் படலத்தின் மறுபாதி ஃபின்களில் இருக்கிறது. பெட்டி வைப்பவர் ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த வாயிலிருந்து ஒரு ஹோஸை எடுத்து, அதை இரண்டாகப் பிரித்து, இரண்டு கார்புரேட்டர்களின் ஏர் ஃபில்டர் அடித்தட்டுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அப்போது அது கம்பெனி ஏற்பாட்டின் பெரிய வடிவமாகிவிடுகிறது. ஒன்றுக்கு மட்டும் கொண்டுபோனால், ஒரு பக்கச் சிலிண்டர்கள் மட்டும் ஆயில் ஆவியைத் தின்னும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் இடதும் வலதும் வேறு வேறு நிறத்தில் இருக்கும்.

டேப்பட் கவர் ஹோஸ்கள் தேவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வால்வுகளை இயக்கும் தண்டுகளான புஷ்ராடுகளின் உள்ளே ஏறிச் சென்று, வால்வுகளை அழுத்தும் ராக்கர்களை நனைக்கும் ஆயில், புஷ்ராட் டியூப்களின் வழியேதான் திரும்பி வடிய வேண்டும். கவரில் ஹோஸ் மாட்டி அங்கிருந்து வாயுவை வெளியேற்றினால், வாயுவும் அதே டியூப்களின் வழியே எதிர்த்திசையில் ஏற வேண்டியிருக்கிறது. இறங்கும் ஆயிலை ஏறும் வாயு தடுக்கிறது. நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கக் கவரில் ஆயில் குவிந்து, ஹோஸ் வழியே பெட்டிக்கே போய்விடுவதும் உண்டு. கிராங்க்கேஸுக்கு மேலே தாராளமான ஒரு வழி இருந்தால், கவர்களில் அழுத்தம் தானாகவே சமன்படும். ஆகவே சாலையில் ஓடும் காருக்கு, டேப்பட் கவர்களைத் தொடாமல் ஃபில்லர் பக்கத்து ஹோஸைப் பெரிதாக்குவதே முதல் படி என்பேன். கவர்களை ஒரு கம்பியை நெம்பிக் கழற்றி, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வு இடைவெளியைச் சரிசெய்ய வேண்டிய இன்ஜின் இது. அந்த வேலைக்குக் குறுக்கே இரண்டு ஹோஸ்களை நிறுத்தினால், நாளடைவில் வேலையையே தள்ளிப்போடத் தோன்றும். வால்வு இடைவெளியைப் பார்க்காமல் விட்டால் வரும் சேதத்தோடு ஒப்பிட்டால் ஆயில் கசிவு ஒன்றுமே இல்லை.

பெட்டியில் சேரும் ஆயிலை மீண்டும் இன்ஜினுக்கு வடியவிடலாமா என்பதும் கேட்கப்படும் கேள்வி. நீண்ட தூரம் ஓடும் காரில் விடலாம். குறுகிய தூரமே ஓடும் காரில் பெட்டியில் சேர்வது பாதிக்குப் பாதி தண்ணீரும் அமிலமும் கலந்த களிம்பு. அதைத் திரும்ப உள்ளே விடுவது, வீட்டைப் பெருக்கிய குப்பையைக் கூடத்திலேயே கொட்டுவது போலாகும். அடியில் ஒரு திருகு வைத்து, ஆயில் மாற்றும்போதெல்லாம் திறந்து வடித்துக் கொட்டிவிடுவது மேல்.

இனி பிசிவி, அதாவது கிராங்க்கேஸுக்குக் காற்றோட்டம் தரும் வால்வு. இன்றைய கார்களில் உள்ள அமைப்பு என்பதால், பழைய இன்ஜினுக்கும் இதுவே உயர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே கிராங்க்கேஸ் வாயு ஏர் கிளீனருக்குப் போவதில்லை. கார்புரேட்டருக்குக் கீழே, கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாயான மேனிஃபோல்டில் உள்ள பலமான வெற்றிடம் அதை உறிஞ்சுகிறது. ஐட்லிங்கில் வெற்றிடம் மிக அதிகம் என்பதால் ஸ்பிரிங் வைத்த வால்வு வழியைச் சுருக்குகிறது. சீரான வேகத்தில் ஓடும்போது வழி விரிகிறது. பேக்ஃபயர் ஆனால் மூடிக்கொள்கிறது. இன்னொரு ஹோஸ் ஏர் கிளீனரிலிருந்து சுத்தமான காற்றை உள்ளே கொண்டுவருவதால், கிராங்க்கேஸ் தொடர்ந்து அலசப்படுகிறது. ஆயிலில் தண்ணீரும் பெட்ரோலும் தங்காமல் காக்கும் திறனில் இதை வேறு எதுவும் நெருங்க முடியாது. களிம்பு சேரும் காருக்கு இது உண்மையான நன்மை.

ஆனால் டைப் 1 இன்ஜினில் அந்தத் திறமையே தொல்லையாக மாறுகிறது. உள்ளே வெற்றிடம் உண்டானால், சீல் இல்லாத அந்தப் புல்லிக் கழுத்து வழியே வெளிக்காற்று உள்ளே பாயும். வரும் காற்று எந்த ஃபில்டரையும் தாண்டி வருவதில்லை. சாலைத் தூசியோடு நேரே ஆயிலில் கலக்கிறது. கம்பெனி நிலையில் இந்த இன்ஜினுக்கு ஆயில் ஃபில்டரும் கிடையாது, ஒரு கம்பி வலை மட்டுமே. மணலும் ஆயிலும் கலந்தால் பேரிங்குகளின் கதி என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே பிசிவி வைக்க விரும்புபவர், மணலில் ஓட்டும் பக்கி கார்களுக்காக உருவான 'சாண்ட் சீல்' புல்லியை முதலில் பொருத்த வேண்டும். அதற்குக் கிராங்க்கேஸைக் கடைய வேண்டியிருக்கலாம். அடுத்து, மேனிஃபோல்டுக்குள் நுழையும் கூடுதல் காற்று கலவையை மெலிதாக்கும். 34 பிக்ட்-3 போன்ற ஒற்றை கார்புரேட்டரில் ஐட்லிங்கை மறுபடி சரிசெய்துகொள்ளலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி வாய் உள்ள இரட்டை வெபர் கார்புரேட்டர்களில் வெற்றிடம் துடித்துத் துடித்து வருவதால், நான்கு வாய்களையும் சிறு குழாய்களால் இணைத்தாலன்றி அது ஒழுங்காக வேலை செய்யாது. நீண்ட நேரம் வால்வைத் திறந்துவைக்கும் கேம் இருந்தால் ஐட்லிங் வெற்றிடமே போதாது. எல்லாவற்றுக்கும் மேலாக, த்ராட்டிலை முழுவதும் திறக்கும்போது மேனிஃபோல்டு வெற்றிடம் மறைந்துவிடுகிறது. கசிவு உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வால்வு கைவிட்டுவிட, வாயு சுத்தக் காற்று ஹோஸ் வழியே எதிர்த்திசையில் ஏர் கிளீனருக்குத்தான் போகிறது. சுற்றிச் சுற்றி நாம் கம்பெனி ஏற்பாட்டுக்கே வந்து நிற்கிறோம்.

சாண்ட் சீல் பற்றி ஓர் எச்சரிக்கை. புல்லியில் ஆயில் கசிகிறது என்பதற்காக, பிரீதரைக் கவனிக்காமல் சீலை மட்டும் பொருத்துபவர்கள் இருக்கிறார்கள். அழுத்தம் அப்படியே இருக்க, அதன் பழைய வழி அடைக்கப்படுகிறது. அடுத்து பலவீனமான இடம் எதுவோ அதன் வழியே ஆயில் வரும். அது டேப்பட் கவர் கேஸ்கட்டாகவோ புஷ்ராட் டியூப் சீலாகவோ இருந்தால் நல்ல காலம். ஃபிளைவீல் பக்கத்துச் சீலாக இருந்தால் கிளட்ச் பிளேட் ஆயிலில் நனைந்து வழுக்கும். அதைச் சரிசெய்ய இன்ஜினையே இறக்க வேண்டும். கிராங்க்கேஸ் மூச்சு முட்டுகிறது என்று முன்கூட்டியே சொல்லும் இடமான புல்லிக் கழுத்தின் வாயை அடைப்பதற்கு முன் அது சொல்வதைக் கேட்க வேண்டும்.

எக்ஸாஸ்ட் குழாயில் ஒருவழி வால்வு வைத்து உறிஞ்சுவதும், பெல்ட்டில் ஓடும் வெற்றிடப் பம்பும் பந்தயத்துக்கானவை. முன்னது சைலன்சர் இல்லாத திறந்த எக்ஸாஸ்ட்டில்தான் பயன் தரும். சைலன்சரின் எதிரழுத்தம் அதை வீணாக்கிவிடும். காற்றால் குளிரும் பழைய போர்ஷே 911-ஐ வைத்திருப்பவர்கள் இந்த ஒப்பீட்டில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அதன் ஆயில் தனித் தொட்டியில் இருக்கிறது, தொட்டி ஏர் கிளீனர் பக்கம் மூச்சு விடுகிறது. இன்ஜின் சூடாகி ஐட்லிங்கில் ஓடும்போது சமதரையில் அளவு பார்க்காமல், ஆறிய இன்ஜினில் பார்த்துக் கூடுதலாக ஊற்றுவதுதான் அங்கே ஏர் கிளீனருக்கு ஆயில் வரக் காரணம்.

எதைத் தேர்ந்தாலும், தேர்வதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்க ஒரு மலிவான வழி இருக்கிறது. இரண்டு மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் டியூபை வாங்கி, ஒரு பலகையில் யு வடிவில் வளைத்துக் கட்டி, பாதி அளவுக்குச் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். அளவுகம்பியை உருவிவிட்டு, அதன் குழாயின் வாயில் டியூபின் ஒரு முனையைக் காற்றுப் புகாதபடி மாட்டுங்கள். இரு பக்கத் தண்ணீருக்கும் உள்ள உயர வேறுபாடுதான் கிராங்க்கேஸின் அழுத்தம். ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 98 பாஸ்கல். தண்ணீர் துடித்தால் டியூபைச் சிறிது நெரித்துப் பிடித்தால் அடங்கும். ஐட்லிங்கில் இரு பக்கமும் சமமாகவோ, இன்ஜின் பக்கம் சற்று உயர்ந்தோ நிற்க வேண்டும். 3,000 ஆர்பிஎம்மில் வெளிப்பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் நான் அதைக் குறையாகவே கொள்கிறேன். அப்போது ஃபில்லர் மூடியைத் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள். தண்ணீர் உடனே இறங்கிச் சமமானால் ஹோஸோ பிரீதரோதான் போதவில்லை. தண்ணீர் வெளிப்பக்கம் இன்னும் உயர்ந்தே நின்றாலோ, திறந்த வாயிலிருந்து புகை குபுகுபுவென வந்தாலோ, கம்ப்ரஷன் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. தேய்ந்த ரிங்குகளுக்கு எந்தப் பெட்டியும் வால்வும் மருந்தாகாது.

என் 1,300 சிசி காரில் இன்று இருப்பது கம்பெனி ஹோஸும் ஆயில் ஏர் கிளீனரும், கீழ்முனையில் புதிதாக வாங்கிய ரப்பர் வால்வும்தான். நண்பர் ஒருவரின் 1,776 சிசி இன்ஜினுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து வேறு முடிவு எடுத்தோம். அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த பெட்டியை வீணாக்காமல் விசிறிக்கு எட்டாத மூலையில் மாட்டினோம். பெட்டியில் டேப்பட் கவர் ஹோஸ்களுக்கான வாய்களை அடைத்துவிட்டு, கம்பெனி டேப்பட் கவர்களையே திரும்பப் பூட்டினோம். ஃபில்லர் ஹோஸை முக்கால் அங்குலத்துக்குப் பெரிதாக்கி, அது வழியில் எங்கும் தாழ்ந்து ஆயில் தேங்காதபடி ஏறுமுகமாகவே கொண்டுபோனோம். பெட்டியின் மேல்வாயை இரண்டு ஏர் ஃபில்டர்களுக்கும் சம நீளத்தில் பிரித்தோம். பலகையில் முன்பு ஏழு சென்டிமீட்டர் காட்டிய தண்ணீர், அதே 3,000 ஆர்பிஎம்மில் ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே நின்றது. அடுத்த ஆயில் மாற்றத்தின்போது பெட்டியின் திருகைத் திறந்தோம். ஒரு தேநீர்க் குவளையில் பாதி அளவுக்குப் பழுப்புத் தண்ணீர் வந்தது. புல்லியின் பின்னால் விட்ட விரல் உலர்ந்தே வந்தது.